வாங்க வராத துணிகள்

அன்புத் தோழிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே கடையும் நானும் என் முழங்கால் வலியும் வழக்கம்போல இருக்கிறோம். உன் நலத்தை நீ கையால் எழுதி அனுப்பினால்தான் நம்புவேன். போனில் நீ "நல்லா இருக்கேன் அக்கா" என்று சொல்கிற அவசரத்தைக் கேட்டால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

போனிலேயே சொல்லாமல் இவள் ஏன் தாளும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். நீ பேசும்போதெல்லாம் உன் பெண் என் பக்கத்திலேயே நிற்கிறாள். நீயும், நீ அங்கே பார்த்துக்கொள்கிற பெரியவர் கூப்பிட்டதும் பாதிப் பேச்சில் வைத்துவிடுகிறாய். அவள் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பதறாதே, கெட்ட செய்தி இல்லை. உன் பெண் என் சலவைக் கடைக்கு வேலைக்கு வருகிறாள்.

கோபப்படாமல் மீதியைப் படி. நானாகக் கூப்பிடவில்லை. நீ வெளிநாட்டுக்குப் புறப்பட்டுப் போன சில வாரங்களில், ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையோடு நேராகக் கடைக்குள் வந்து நின்றாள். பிறந்ததிலிருந்து பொடிசு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இப்போது அந்தப் பொடிசு என்னைவிட ஒரு சாண் உயரமாக நின்றுகொண்டு, "பெரியம்மா, எனக்கு ஏதாவது ஒரு வேலை குடுங்க" என்கிறாள். படிக்கிற பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று விரட்டினேன். மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். காசு வேண்டாம், ஒரு மூலையில் உட்கார்ந்து துணி மடித்துத் தருகிறேன் என்றாள். செலவுக்கு அப்பா தரவில்லையா என்று கேட்டேன். தருகிறார் என்றாள். பள்ளியில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று கேட்டேன். அதுவும் இல்லையாம். பிறகு எதற்குத்தான் என்றால், "சும்மாதான்" என்கிறாள். இந்த வயதுப் பிள்ளைகளிடம் சும்மாதானுக்கு மேல் ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

உன் வீட்டுக்காரரைக் கேட்டேன். பணிமனையில் அவருக்கு இப்போது மாலை ஷிப்ட். அவர் பஸ்களுக்கு அடியில் படுத்து எழுந்து வீடு வந்து சேரும்போது பிள்ளை தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறாளாம். பூட்டிய வீட்டில் தனியாக இருப்பதைவிட உங்கள் கண் முன்னால் இருப்பது நல்லதுதானே என்றார். உன்னிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். சொல்லியிருக்க மாட்டார். அவரைத் திட்டாதே. உனக்கு அங்கே கவலை கூடிவிடக் கூடாது என்று நினைக்கிற மனிதர் அவர்.

சரி, வரட்டும் என்று முடிவு செய்த பிறகுதான் சட்டம் குறுக்கே வந்தது. தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றை விடியற்காலையில் அடுப்படியில் நிற்க வைத்து, மாட்டிக்கொண்டு, அபராதம் கட்டினார். அதைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நேரே நகராட்சிக்குப் போனேன். பள்ளிப் பிள்ளைகள் வேலை பார்ப்பதைக் கவனிப்பதற்கென்றே அங்கே ஒரு மேஜையும், அதன் பின்னால் ஒரு அதிகாரி அம்மாவும் இருக்கிறார்கள். சம்பளம் தராமல் சும்மா உட்கார வைத்துக்கொண்டால் தப்பில்லையே என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "காசு குடுத்தாலும் குடுக்காட்டியும், கடைக்காகக் கையை அசைச்சா அது வேலைதாங்க" என்றார். என் கெட்டிக்காரத்தனம் அத்தோடு போயிற்று.

முதலில் அனுமதி அட்டை வாங்க வேண்டுமாம். அதற்கு நானும் உன் வீட்டுக்காரரும் தலைமை ஆசிரியையும் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளி நாளில் வகுப்பு முடிந்த பிறகு கொஞ்ச நேரம்தான். மாலை ஏழு அடித்தால் பிள்ளை கடையில் வேலையாக இருக்கக் கூடாது. நீராவி இஸ்திரிப் பக்கமே போகக் கூடாது, வெளுக்கிற மருந்தைத் தொடக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. படிப்பு இறங்கினால் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். இதையெல்லாம்விட வேடிக்கை, நீண்ட விடுமுறையில் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் எந்த வேலையும் செய்யாமல் அந்தப் பிள்ளை சும்மா இருந்தே ஆக வேண்டுமாம். எனக்கும் இப்படி யாராவது ஒரு சட்டம் போட மாட்டார்களா என்று கேட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது எரிச்சலாகத்தான் இருந்தது. இவளைவிடச் சின்ன வயதில் சலவைச் சோடாத் தண்ணீரில் கை வைத்தவள் நான். அப்போது யார் வந்து மணி பார்த்தார்கள், யார் வந்து கையெழுத்துக் கேட்டார்கள் என்று எனக்குள்ளேயே பொருமிக்கொண்டு வந்தேன். அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்தது. அதே அலுவலகத்தில், விண்ணப்பம் வாங்குமுன் ரேகை பார்க்கிற மெஷினில் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மெஷின் விரலே இல்லை என்றது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் அது என்னை ஒப்புக்கொள்ளவில்லை. சோடா தின்றது போக என் விரல்களில் மீதி ஒன்றும் இல்லை. இந்தச் சட்டம் என் காலத்தில் இருந்திருந்தால் எனக்கும் ரேகை இருந்திருக்கும். அதன் பிறகு நான் பொருமவில்லை.

அதிகாரி அம்மா கடைக்கே வந்து பார்த்தார். நீராவிக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளை உட்கார முதுகுப் பலகை வைத்த நாற்காலி வேண்டும் என்றார். உன் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு எதற்காக வேலைக்கு வருகிறாய் என்று விசாரித்தார். அவள் பொழுது போக வேண்டும் என்றாளாம். அட்டை வந்துவிட்டது. சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அவளுக்கு நான் கொடுத்திருப்பது பை பார்க்கிற வேலை. துவைக்கப் போகுமுன் ஒவ்வொரு துணியின் பையிலும் கை விட்டுப் பார்க்க வேண்டும். கிடைப்பதை ஒரு உறையில் போட்டு அந்தத் துணியின் சீட்டோடு சேர்த்துக் குத்திவிட வேண்டும். பஸ் டிக்கெட், பொத்தான், பாதி மிட்டாய், ஒரு நாள் தாளில் சுற்றிய ஒரு பால் பல். யாருடையதையும் அவள் தூக்கி எறிவதில்லை. மிட்டாயைக்கூட உறையில் போட்டிருந்தாள். துவைத்து முடிந்த துணியின் சீட்டில் ஒரு முனையைக் கிழித்துவிடுவது எங்கள் கடை வழக்கம் என்று உனக்குத் தெரியும். அதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வேலை முடிந்ததும், கேட்காமலேயே பின்னறைக்குப் போய், யாரும் வாங்க வராத துணிகள் தொங்குகிற அந்தக் கம்பியைத் தூசி தட்டிவிட்டு வருகிறாள். எங்கள் இஸ்திரிக்காரர் இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் ஒரு தடவை தூசி தட்டியதில்லை. ஏழு மணிக்கு முன் நானே அவளை வாசல் வரை கொண்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். சம்பளத்தைக் கொடுத்தால், உங்களிடமே இருக்கட்டும் பெரியம்மா என்கிறாள்.

அந்தப் பெரியவர் உன்னை விடுமுறைக்கு அனுப்பச் சம்மதித்தாரா? உன் தலைவலி எப்படி இருக்கிறது? நீ கழுத்தில் தேய்த்துக்கொள்கிற தைலம் அங்கே கிடைக்காவிட்டால் எழுது, வாங்கி அனுப்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதே, அவள் என் கண்ணில்தான் இருக்கிறாள்.

உன் நலம் கேட்டு,
அக்கா

*

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. என்னைத் திட்டி எழுதியிருப்பாய் என்று பயந்துகொண்டே பிரித்தேன். "உங்க கிட்ட இருந்தா சரிதான் அக்கா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த ஒரு வரியை எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா.

நீ வருவதை மறுபடியும் தள்ளிப்போட்டிருக்கிறாய். அந்தப் பெரியவருக்கு உடம்பு மோசமாக இருக்கும்போது விட்டுவிட்டு வர முடியாது, வந்தால் அந்த இடத்தில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் புரிகிறது. உன் பெண்ணிடம் நீயே போனில் சொல்லிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். அவள் சரி அம்மா என்றாளாம். அன்று கடைக்கு வந்து வழக்கம்போல எல்லாப் பைகளையும் பார்த்து முடித்தாள். பின்னறையில் தூசி தட்டக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். இந்த வயதில் இவ்வளவு பக்குவம் நமக்கு இருந்ததா என்று இஸ்திரிக்காரரிடம் சொன்னேன். அவர் பெட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் வாயில் நீராவி வந்தாலும் வரும், பேச்சு வராது.

பள்ளிக்கு நீண்ட விடுமுறை விட்டார்கள். அதிகாரி அம்மா நினைவாகப் போன் செய்து, அந்த இரண்டு வாரத்தைத் தொடங்கிவிட்டீர்களா என்று கேட்டார். உன் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மற்றப் பிள்ளைகள் விடுமுறை என்றால் குதிப்பார்கள், இது கண் கலங்குகிறது. வேலை செய்ய மாட்டேன், ஐந்து நிமிடம் மட்டும் உள்ளே வந்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினாள். எனக்கு ரொட்டிக்கடைக்காரர் ஞாபகம். வாசல்படி ஏறினாலே குற்றம், கடைப் பக்கமே வரக் கூடாது, ஓடிப் போய் விளையாடு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முதல் சில நாள் எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை ஆட்டி ஆட்டித் துரத்தினேன். பிறகு வருவதை விட்டுவிட்டாள். தோழிகளோடு சேர்ந்து சுற்றுகிறாள் போலும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இந்தச் சட்டத்தை எழுதியவர் யாரோ, பிள்ளை பெற்றவராகத்தான் இருப்பார்.

அவள் இல்லாமல் கடை என்னவோபோல் இருந்தது. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் பின்னறையை ஒழித்தேன். சுவரில் ஈரம் இறங்கிவிட்டது, வெள்ளையடிக்க வேண்டும். கம்பியில் தொங்குகிற வாங்க வராத துணிகளைப் பிரித்து, இனி யாரும் வர மாட்டார்கள் என்று தோன்றியவற்றை ஆதரவற்றோர் விடுதிக்குக் கொடுத்தேன். அப்போது பார், அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒரு ஸ்வெட்டர். பாசி நிறம், முழங்கையில் வேறு நூலால் தைத்த ஒட்டு, ஒரு பொத்தான் மட்டும் வேறு ஜாதி. சீட்டு குத்தியிருக்கிறது, ஆனால் முனை கிழிக்கவில்லை. துவைக்காமலேயே கம்பியில் ஏறியிருக்கிறது! இத்தனை வருடக் கடையில் இப்படி ஒரு அவமானம் நடந்ததில்லை. இஸ்திரிக்காரரைப் பிடித்து ஒரு கத்துக் கத்தினேன். தனக்குத் தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்தார்.

அப்படியே தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை. யாரோ ஒரு தலைவலிக்காரி ஸ்வெட்டர் போலிருக்கிறது, கழுத்துப் பட்டியில் ஒரே தைல வாடை, கூடவே அடுப்படி வாடை. மெஷினில் போட்டால் சுருங்கிவிடும் என்று நானே வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய சோப்புப் போட்டு ஊறவைத்துக் கையால் கசக்கினேன். தைலம் லேசில் போவேனா என்றது. தண்ணீரை மாற்றி மறுபடியும் ஊறவைத்தேன். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தட்டையாக விரித்துக் காயவைத்தேன். நிறம் எப்படித் தூக்கிக்கொண்டு வந்தது தெரியுமா! புதிது மாதிரி ஆகிவிட்டது. முகர்ந்து பார்த்தால் ஒன்றும் இல்லை, வெறும் சுத்தம். என் கையை நானே மெச்சிக்கொண்டேன். உறை மாட்டி அதே இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். உன் பெண் வந்ததும் காட்ட வேண்டும், சீட்டு முனையைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளும் கற்றுக்கொள்ளட்டும்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். அடுத்த தடவையாவது தள்ளிப்போடாமல் வா.

என்றும் உன்
அக்கா

*

தோழி,

போன கடிதம் உன் கையில் கிடைத்து நீ படித்த அந்த நிமிடமே உனக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியவில்லை. தைலம் வேண்டுமா என்று முந்தின கடிதத்தில் உன்னைக் கேட்டவளே நான்தான். அடுத்த கடிதத்தில் யாரோ ஒரு தலைவலிக்காரி என்று எழுதியிருக்கிறேன். தெருவில் யார் எந்தச் சட்டை போட்டுப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், நீ வீட்டுக்குள் அடுப்படியில் போட்டுக்கொள்வதை எங்கே கண்டேன். இது ஒரு சமாதானம்தான். நடந்ததை முழுதும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வாரம் முடிந்த அன்று நான் கதவைத் திறக்குமுன்பே உன் பெண் வாசலில் நின்றாள். நேரே பின்னறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன், என் கைவேலையைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில். அவள் அந்த ஸ்வெட்டரின் உறையைக் கழற்றி அதை முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றாள். துவைத்த துணியைக் கண்டால் முகர்ந்து பார்க்கிற பழக்கம் எனக்கும் உண்டு, அதனால் சிரித்துக்கொண்டே நின்றேன். அவள் முகத்தை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தாள், ஸ்வெட்டரின் கைகளை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இதை யாரு துவைச்சா பெரியம்மா?" என்று கேட்டாள். நான்தான், மெஷினில்கூடப் போடவில்லை, கையாலேயே துவைத்தேன், நிறத்தைப் பார்த்தாயா என்று பெருமையாகச் சொன்னேன். நல்லா இருக்கு என்றாள். சுருக்கம் விழாமல் உறையை மாட்டி அதே இடத்தில் தொங்கவிட்டாள். அன்று வந்த அத்தனை துணிகளின் பையையும் பார்த்து முடித்தாள். ஒன்றையும் விடவில்லை. நேரமானதும், போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. காய்ச்சலோ என்று நினைத்தேன். வெளியே போன இடத்தில் விளையாட்டு ருசித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். வாரம் திரும்பியதும் இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார். "அந்தப் பிள்ளை தினமும் போறதுக்கு முன்னால அந்த ஸ்வெட்டர்லதான் முகத்தை வெச்சுட்டு நிக்கும். அழுவுதோன்னு நான் திரும்பிக்குவேன்." இதை ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அது அவளுடைய விஷயமாயிற்றே என்றார்.

ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் அன்று விடுப்பில் இருந்தார். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்ததைத்தான் பார்த்தார். அது எப்படி உங்களிடம் வந்தது, வீடெல்லாம் தேடினேனே என்றார். அப்போதுதான் அது உன்னுடையது என்று என் புத்திக்கு எட்டியது. ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

அவர் சொன்னதைக் கேள். நீ விமானம் ஏறிய மறுநாள் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லையாம். திரைச்சீலை, தலையணை உறை, போர்வை, நீ விட்டுப் போன உடுப்புகள் எல்லாவற்றையும் அள்ளித் துவைத்துக் காயப்போட்டாராம். துக்கம் வந்தால் வேலையில் இறங்குகிற மனிதர், உனக்குத் தெரியாததா. மீதி, உன் பெண் பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் அடுப்படிக்கு வருவதற்குள் அவள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஸ்வெட்டரை எடுத்துப் புத்தகப் பைக்குள் திணித்துக்கொண்டாள். கொஞ்ச நாள் பள்ளிக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டே திரிந்திருக்கிறாள். பிறகு பை வாடை அதில் ஏறுகிறதே என்று பயந்து வேறு இடம் தேடியிருக்கிறாள். அந்த வாரத்தில்தான் என் கடைக்கு வந்து வேலை கேட்டாள். சீட்டை அவளே எழுதிக் குத்தியிருக்கிறாள்.

நாங்கள் பேசுவதை உள்ளறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. நான் கூப்பிட்டதும் வந்தாள். நான் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னிடமே கேட்டிருந்தால் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பேனே, அந்தக் கம்பியில் ஏனம்மா தொங்கவிட்டாய் என்று கேட்டேன். அவள் என் மேல் கோபமே இல்லாமல் சொன்னாள். "அங்க தொங்குறதெல்லாம் ஏற்கெனவே துவைச்சதுதானே பெரியம்மா. அதை யாரும் மறுபடி துவைக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அவள் யோசித்ததில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கம்பியை எத்தனையோ வருடமாக நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சீட்டு முனையைக் கிழிக்க மட்டும் அவளுக்குக் கை வரவில்லை, துவைக்காததைத் துவைத்ததாகச் சொல்வது பொய் ஆகிவிடும் என்று. கிழித்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

வேலையை விட்ட பிள்ளையைப் பற்றிக் கடைக்காரர் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்காகப் போனேன். அதிகாரி அம்மா காரணம் கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுதும் கேட்டார். அந்த இரண்டு வாரம் நான் அவளை வாசல்படி ஏறவிடவில்லை என்று சொன்னபோதுதான் குறுக்கே பேசினார். "வேலை வாங்கக் கூடாதுன்னுதாங்க சட்டம். வரக் கூடாதுன்னு யாருங்க சொன்னது?" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. தினம் ஐந்து நிமிடம் அவளை உள்ளே விட்டிருந்தால் நான் வாளியைக் கையில் எடுக்கும்போதே அவள் பார்த்திருப்பாள். நான் கிளம்பும்போது அவரும் ஒன்று சொன்னார். எதற்கு வேலைக்கு வருகிறாய் என்று தானும் கேட்டதாகவும், அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். அட்டையை ரத்து செய்யாமல் கொஞ்ச காலம் வைத்திருக்கிறேன், அவளுக்கு வர விருப்பம் இருந்தால் வரட்டும் என்றார்.

அவளுக்கு விருப்பம் இல்லை. வேலைக்கு மட்டுமில்லை, எதற்கும். பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். நீ போன் செய்யும்போது, படிக்கணும் அம்மா என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிடுகிறாள் அல்லவா, அது படிப்பு இல்லை. உன் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. உன் வீட்டுக்காரர் ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறார். இப்போது மாலையில் வீட்டில் இருக்கிறார். இருவரும் ஒரே அறையில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருக்கிறது. ஸ்வெட்டரை அதில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் அது மடித்து அலமாரியில் இருந்தது.

நீ அங்கே எதற்காகப் போனாய் என்று எனக்குத் தெரியும். அவள் படிப்புக்காகத்தான். அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு வாய் இல்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொள். பருத்தி வேண்டாம், கம்பளிதான் வாசத்தைப் பிடித்து வைக்கும். தினமும் அதைப் போடு. வேலை செய்யும்போது போடு, சமைக்கும்போது போடு, படுக்கும்போதும் கழற்றாதே. தலை வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு கழுத்துப் பட்டியை இழுத்து மூடிக்கொள். அழுக்காகட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் மேல் படக் கூடாது. பிறகு காற்றுப் புகாத பையில் இறுக்கிக் கட்டு. ஊர் அழுக்கையெல்லாம் எடுத்தே பிழைத்தவள் உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், துவைக்காமல் அனுப்பு.

தபால் வந்து சேர வெகுநாள் பிடிக்கிறது என்கிறார்கள். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் வழியில் வாசம் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதைப் பையில் கட்டாமல் நீயே போட்டுக்கொண்டு வந்தால், போகாது.

வாசலைப் பார்த்தபடி,
உன் அக்கா